கைப்பிடி என்னும் ஒரு சொல்



ஓலையில் எழுதிய காலத்தில் எழுத்தாணிகள் பலவகையாக இருந்தன. அவற்றுள் ஒன்றுக்கு மடக்கெழுத்தாணி என்று பெயர். ஒரு முனையில் எழுதும் கூர், மறுமுனையில் ஓலையை வாரவும் நறுக்கவும் ஒரு சிறு கத்தி. இரண்டும் நடுவிலுள்ள பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். பின்னாளில் இறகுப்பேனாவின் முனையைச் சீவுவதற்கென ஐரோப்பியர் வைத்திருந்த சிறு கத்தியின் பெயர் தமிழில் பேனாக்கத்தி ஆயிற்று. இறகுப்பேனா மறைந்த பிறகும் பெயர் மறையவில்லை. எழுதுகிறவர் இடுப்பிலோ பையிலோ இருந்த அந்தக் கத்தியைக் கண்டு அஞ்ச வேண்டுமென்று யாருக்கும் தோன்றியிராது.

இவ்வுரையின் பொருள் அதே மடக்கு இனத்தைச் சேர்ந்த ஒரு கத்தி; பிறந்த இடம் அமெரிக்கா. அந்நாட்டில் பலர் நாள்தோறும் கால்சட்டைப் பையில் சாவிக்கொத்தோடு வைத்துக்கொள்வது. மூன்று அங்குலம், அதற்குச் சற்றே கூடவோ குறையவோ அலகு. பிடியில் சிப்பி, மான்கொம்பு, வண்ணமரம் என ஏதேனும் ஓர் அழகு. உள்ளே ஒரு வில், பேச்சுவழக்கில் ஸ்பிரிங். இந்த வில்லின் நடத்தை விந்தையானது. மடங்கியிருக்கும்போது அலகை உள்ளேயே இழுத்துப் பிடித்திருக்கும். அலகின்மேல் உள்ள குமிழைக் கட்டைவிரலால் தள்ளினால் முதலில் எதிர்க்கும். ஓர் எல்லையைக் கடந்ததும் அதே வில் கட்சி மாறி, அலகை முன்னே தள்ளி முழுவதும் விரித்துவிடும். தொடங்குவது விரல், முடிப்பது வில். விரிந்த அலகை உள்ளே ஒரு தகடு தாங்கிப் பூட்டிக்கொள்ளும்.

பொத்தானை அழுத்தியவுடன் தானே விரியும் கத்தி, அதாவது பட்டன் கத்தி, இதற்கு நூறாண்டுகள் முன்பே இருந்தது. அப்படியிருக்க இந்தச் சுற்றுவழி எதற்கு? விடையைத் தேட வேண்டிய இடம் கொல்லன் பட்டறை அன்று, 1958ஆம் ஆண்டின் ஒரு சட்ட வாசகம். சொல்லோடு பழகுவோர் கூடியுள்ள அவையில் ஒரு கத்தியைப் பற்றிப் பேசத் துணிந்ததன் காரணமும் அதுவே.

பட்டன் கத்தி தோன்றியபோது அதற்குக் கெட்ட பெயர் எதுவும் இல்லை. ஜார்ஜ் ஷ்ரேட் என்பவர் 1890களில் நியூயார்க்கில் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு கையில் கயிற்றையோ கொம்பையோ பிடித்துக்கொண்டு மறுகையால் கத்தியைத் திறக்க வேண்டியவர்களுக்கு அது வசதி. இரண்டாம் உலகப்போரில் வான்குடை வீரர்களுக்கு அமெரிக்கப் படையே அத்தகைய கத்தியை வழங்கியது. மரத்தில் சிக்கித் தொங்குகிறவன் ஒரு கையால் கயிற்றை அறுத்துக்கொள்ள வேண்டுமல்லவா? போர் முடிந்து இத்தாலியிலிருந்து திரும்பிய வீரர்கள் அந்நாட்டின் மெல்லிய, நீண்ட, அலங்காரப் பிடியுள்ள பட்டன் கத்திகளை நினைவுப்பொருளாகக் கொண்டுவந்தனர். கத்தித் தொழிலுக்குப் பேர்போன மனியாகோ போன்ற ஊர்களிலிருந்து இறக்குமதியும் பெருகியது.

அதன்பின் கத்தியைப் பற்றிய கதைகள் தொடங்கின. 1950இல் ஒரு மகளிர் இதழ், ‘கொல்லும் விளையாட்டுப் பொருள்’ என்னும் பொருள்படத் தலைப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டது. 1955இல் பள்ளி மாணவர் வன்முறையைக் காட்டிய திரைப்படங்களிலும், 1957இல் ‘வெஸ்ட் சைடு ஸ்டோரி’ என்னும் இசை நாடகத்திலும் பட்டன் கத்தி மேடையேறியது. ‘டக்’கென்ற அந்த ஒலியே அச்சத்தின் ஒலி ஆயிற்று. தெருக்கும்பல்கள் கையில் அது இருந்தது உண்மை, குத்துப்பட்டோரும் உண்மை. ஆனால் சமையலறைக் கத்தியால் குத்துப்பட்டோரைப் பற்றி இசை நாடகம் எழுதுவாரில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரேயொரு படைப்பு கத்தியைப் பொறுமையாக உற்றுப் பார்த்தது. 1957இல் சிட்னி லூமெட் இயக்கிய ‘டுவெல்வ் ஆங்ரி மென்’ படத்தில், தந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஓர் இளைஞனுக்கு எதிராக நிற்கும் பெருஞ்சான்று ஒரு பட்டன் கத்தி. அதன் பிடியிலுள்ள வேலைப்பாடு அரிது, வேறெங்கும் கிடைக்காது என்பது வழக்கு. அழகே அங்குச் சாட்சி சொல்லவந்தது. ஜூரிகளுள் ஒருவர் அச்சு அசலாக அதே கத்தியைத் தம் பையிலிருந்து எடுத்து மேசைமேல் குத்தி நிறுத்துகிறார். இளைஞனின் வீட்டருகே ஓர் அடகுக்கடையில் வாங்கியது. பிறகு சேரியில் வளர்ந்த இன்னொரு ஜூரி, பழகிய கை பட்டன் கத்தியைக் கீழிருந்து மேலாகத்தான் ஓச்சும், மேலிருந்து கீழாகக் குத்தாது என்று காட்டுகிறார். படித்தவர் எவருக்கும் தெரியாத செய்தி, அக்கத்தியோடு வாழ்ந்தவருக்குத் தெரிந்திருந்தது. அப்படம் வந்த மறு ஆண்டு, 1958 ஆகஸ்டில், நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அங்கே மேசைமேல் கத்தியை வைத்து ஆராய்ந்ததைவிட, வெளியே கேட்ட ஒலிக்கே செவிசாய்த்தனர் எனலாம்.

அச்சட்டம் பட்டன் கத்தியை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதையும் வெளிநாட்டிலிருந்து கொணர்வதையும் தடுத்தது. எது பட்டன் கத்தி என்பதற்கு அது தந்த வரையறை இவ்வுரையின் உயிர்நிலை. பிடியில் உள்ள பொத்தானையோ வேறு கருவியையோ கை அழுத்த, அலகு தானே விரியும் கத்தி. அல்லது உதறலாலோ புவியீர்ப்பாலோ தானே விரியும் கத்தி. கருத்து இவ்வளவே. கவனிக்கத்தக்கது ‘பிடியில்’ என்னும் சொல். பொத்தான் வேறெங்கே இருக்கும் என்று எழுதியவர்கள் எண்ணியிருக்கலாம். அதன் கனம் நாற்பது ஆண்டுகள் கழித்தே தெரிந்தது.

அதே சட்டத்தில் வேறொரு வரியும் உண்டு. ஒரே கை உடையவர், மூன்று அங்குலத்துக்கு மேற்படாத அலகுள்ள பட்டன் கத்தியை உடன் வைத்துக்கொள்ளலாம் என்பது அது. இரண்டு பெரும்போர்கள் முடிந்த நாட்டில் அத்தகையோர் எத்தனை பேர் இருந்திருப்பர் என்று எண்ணிப் பார்த்தால் இவ்வரி எழுதப்பட்ட காரணம் விளங்கும். கொலைக்கருவி என்று தடுத்த அதே கையால், பழத்தை அரியவும் கட்டை அவிழ்க்கவும் உதவும் கருவி என்று எழுதியும் வைத்தனர். சட்டநூல்களில் இத்தகைய நேர்மையான முரண் அடிக்கடி கிடைப்பதில்லை.

1990களில் வேறொரு கூட்டத்தார் அந்த வாசகத்தின் எல்லைக்கு வெளியே ஒரு கத்தியைச் செய்தனர். கத்திகளுக்கென்றே ஓர் இதழ் தொடங்கிய பிளாக்கி காலின்ஸ் ஒருவர். ஹவாய்த் தீவைச் சேர்ந்த கென் ஆனியன் மற்றொருவர். இவருடைய அமைப்பை ஆரிகன் மாநிலத்துக் கெர்ஷா நிறுவனம் ஏற்றுப் பெருமளவில் செய்து விற்றது. அந்நிறுவனத்தின் உடைமையாளரோ ஜப்பானின் செக்கி நகரத்தில் வேர்கொண்ட கை குழுமத்தார். செக்கி பல நூற்றாண்டுகளாக வாள் அடித்த ஊர். கென் ஆனியனின் அமைப்பில் வில் என்பது முறுக்கேறும் ஒரு மெல்லிய கம்பி. பிடியில் பொத்தான் இல்லை. தள்ள வேண்டிய இடம் அலகிலேயே இருக்கிறது. கையின் அழுத்தம் அலகின்மேல் விழுகிறது. ஆகவே இது சட்டம் சொன்ன கத்தியாகாது. அவ்வாசகத்தை அறியாமலா இப்படி அமைந்தது என்று ஐயுறுவோர் உளர், ஐயத்துக்கு இடமுண்டு. யாப்பின் கட்டுக்குள்ளிருந்து புதிய ஓசை பிறப்பதை அறிந்தவர்கட்கு இது வியப்பாகாது.

அலங்காரத்தைப் பற்றியும் ஒரு சொல். இவ்வகைக் கத்திகளுள் சில வானவில் நிறத்தில் மின்னும். அதில் சாயம் கிடையாது. எஃகின்மேல் டைட்டானியம் ஆக்ஸைடின் மிக மெல்லிய படலம். படலத்தின் கனத்துக்கேற்ப ஒளி நிறம் மாறித் தெரிகிறது. தண்ணீர்மேல் எண்ணெய் படரும்போது தோன்றும் நிறங்களும் இவ்வாறே. இது மெய்யான அழகு. மலிவுக் கத்திகளில் கழுகும் ஓநாயும் கடல்நாகமும் பொறித்து, எரிகிற தீயையும் சேர்த்துவிடுகிறார்களே, அதை அழகென்று சொல்ல மனம் ஒப்பவில்லை. தவிரவும் அத்தகைய வேடம், அட்டைப்பெட்டி பிரிக்கும் ஓர் எளிய கருவியைக் காண்போர் கண்ணுக்கு மீண்டும் கொலைக்கருவியாக்கிவிடுகிறது.

காண்போர் கண் எவ்வளவு செய்யும் என்பதற்கு நியூயார்க் சான்று. அம்மாநிலத்திலும் 1950களில் ஒரு சட்டம் வந்தது. புவியீர்ப்பாலோ சுழற்சி விசையாலோ விரிந்து பூட்டிக்கொள்ளும் கத்தியை வைத்திருப்பதே குற்றம் என்றது அது. உலகப்போரில் செருமானிய வான்குடை வீரர் வைத்திருந்த ஒருவகைக் கத்திதான் அதை எழுதியோர் மனத்தில் இருந்தது. நாளடைவில் காவலர் கையில் அது வேறொன்றாயிற்று. கடைத்தெருவில் யாரும் வாங்கக்கூடிய சாதாரண மடக்குக்கத்தியைப் பிடுங்கி, மணிக்கட்டை ஓங்கி உதறிப் பார்ப்பார்கள், விரிந்தால் குற்றம். முதல் உதறலில் விரியாவிட்டால் இன்னும் சிலமுறை. புதுக்கத்தி விரியாது, ஓராண்டு உழைத்துத் திருகு தளர்ந்த கத்தி விரியும். உழைப்பின் தேய்மானமே குற்றத்தின் சான்றாக மாறியது. அகப்பட்டவர் ஆயிரக்கணக்கானோர், தச்சர், சரக்கு இறக்குவோர், மேடைப் பணியாளர் என வேலைக்குக் கத்தி வேண்டியவர்கள் அவருள் பலர். பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்க வழியினரும் ஆவர். அதே கத்தியைப் பெருங்கடைகள் கண்ணாடிப் பேழையில் வைத்து விற்றுக்கொண்டிருந்தன. 2010இல் மான்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் அக்கடைகள் சிலவற்றோடு பணம் பெற்று இணக்கம் செய்துகொண்டார். வாங்கியவர்க்குக் கைவிலங்கு, விற்றவர்க்கு இணக்கம்! 2019 மார்ச்சில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர், இன்னது குற்றமென்று முன்கூட்டி அறிய வழியில்லாத முறையில் அச்சட்டம் கையாளப்பட்டதெனத் தீர்ப்பளித்தார். அவ்வாண்டு மே 30ஆம் நாள் ஆளுநர் கையொப்பத்தோடு அந்தத் தடை நீங்கியது.

‘பிடியில்’ என்னும் சொல்லுக்கும் ஒரு சோதனை வந்தது. 2009 மே மாதம் அமெரிக்கச் சுங்கத்துறை, வில்லின் துணையால் விரியும் கத்தியும் பட்டன் கத்தியே என்று கொள்ள முற்பட்டது. தானே முன்பு தந்த முடிவுகளை மாற்றப் போவதாக அறிவித்தது. ஒருகையால் திறக்கும் எல்லாக் கத்திகளையும் அவ்விளக்கம் விழுங்கிவிடும் என்று எதிர்ப்பு எழுந்தது. அக்டோபர் 28ஆம் நாள் சட்டமே திருத்தப்பட்டது. மூடிய நிலையை நோக்கி இழுக்கும் அமைப்பு உள்ளே இருந்து, அதை வெல்லக் கையின் முயற்சி அலகின்மேல் செலுத்தப்பட வேண்டுமாயின், அக்கத்தி விலக்குப் பெறும். முதலில் எதிர்த்துப் பின் உதவுகிற அந்த வில்லின் இயல்பை அப்படியே வருணித்து எழுதிய வாசகம் இது. 1958இல் வாசகம் கத்தியைச் செதுக்கியது. 2009இல் கத்தி வாசகத்தைச் செதுக்கியது.

பிரிட்டன் நேர் எதிர்த் திசையில் சென்றது. அந்நாட்டின் 1959ஆம் ஆண்டுச் சட்டத்திலும் பொத்தான் இருக்குமிடம் ‘பிடி’ என்றே குறிக்கப்பட்டிருந்தது. 2019இல் வந்த சட்டம் அச்சொல்லை எடுத்துவிட்டு ‘கத்தி’ என்று எழுதியது. பாதி திறந்த நிலையிலிருந்து தானே விரிவதையும் சேர்த்தது. 2021 ஜூலை முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் அதை வீட்டுக்குள் வைத்திருப்பதும் குற்றம். கத்திக்குத்தால் பிள்ளைகளை இழந்த பெற்றோர் பலர் வாழும் நாட்டில் அச்சத்தைப் பழிக்க இயலாது. எனினும் அங்கே கொலைகளில் மிகுதியும் கண்டெடுக்கப்படுவது சமையலறைக் கத்தியே; அதன் வரையறையை எந்தச் சொல்லை மாற்றித் திருத்துவது?

இதற்கிடையே அமெரிக்காவில் பல மாநிலங்கள் பட்டன் கத்தித் தடையையே நீக்கிவிட்டன. 2024 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றமும், படைக்கலம் வைத்துக்கொள்ளும் அரசியலமைப்பு உரிமையைக் காட்டி, தன் மாநிலத் தடை செல்லாதென்றது. பொத்தானுக்கே வழி திறந்துவிட்ட இடத்தில் இந்தச் சுற்றுவழிக் கத்திக்கு வேலையென்ன என்று கேட்கலாம். கட்டைவிரலால் தள்ளிப் பழகியவர்கள் அதை விடுவதாக இல்லை. அலகு நகரத் தொடங்குவது தம் விரலால்தான் என்பதில் அவர்களுக்கு ஒரு நிறைவு.

கூட்டாட்சிச் சட்டத்தின் பழைய தடை மட்டும் இன்னும் ஏட்டில் நிற்கிறது. விலக்குகள் அதன் இறுதியில் வரிசையாக உள்ளன. நான்காவது விலக்கு ஒரே கை உடையவர்க்கு. அதை அடுத்து 2009இல் சேர்த்த ஐந்தாவது விலக்கு இந்தக் கத்திக்கு.