‘கெட்ட இரத்தம்’: ஒரு நோய்ப்பெயரின் வரலாறு



இன்று ஒரு சொல்லைப் பற்றிப் பேச விழைகிறோம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மேக்கன் வட்டாரத்துக் கறுப்பின உழவர்களிடையே வழங்கிய ‘கெட்ட இரத்தம்’ என்பதே அச்சொல். சோர்வு, இரத்தச்சோகை, சிபிலிஸ் என்னும் மேகநோய் ஆகிய அனைத்திற்கும் அது பொதுப்பெயர். பேச்சுவழக்கில் ஒரு சொல் பல பொருள் குறிப்பது இயல்பே. வியப்பு, மருத்துவர்கள் அதனைக் கையாண்ட முறையில்தான் உள்ளது.

1932இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை, டஸ்கீகி கல்வி நிலையத்தின் துணையுடன் அங்கு ஓர் ஆய்வைத் தொடங்கியது. மேகநோய் கண்ட 399 பேரும் அந்நோயற்ற 201 பேரும் அதில் சேர்க்கப்பட்டனர். அனைவரும் கறுப்பின ஆடவர். நோயுற்றோர்க்கு நோயின் பெயர் கூறப்படவில்லை. ‘கெட்ட இரத்தத்திற்கு’ மருத்துவம் பார்ப்பதாகவே கூறினர். உண்மையில், மருத்துவமின்றி விட்டால் நோய் எவ்வாறு முற்றும் என்று காண்பதே நோக்கம். முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுக்கும் சோதனைக்குக்கூட, சிறப்பு இலவசச் சிகிச்சை என்று மடல் எழுதியே அழைத்தனர். மக்களின் மொழியில் பேசுங்கள் என்று நாமே பல மேடைகளில் வலியுறுத்தியதுண்டு. அம்மொழியிலேயே பேசி ஏமாற்றவும் இயலும் என்பதை அப்போது நாம் எண்ணிப் பார்க்கவில்லை. 1940களில் பெனிசிலின் இந்நோய்க்குரிய மருந்தாக நிலைபெற்றது. ஆய்வாளர்கள் அதனை அவர்களுக்கு வழங்கவில்லை. 1972இல் செய்தி நாளிதழ்களில் வெளியான பின்னரே ஆய்வு நின்றது.

கறுப்பினத்தவரின் நோய்க்கு அவர்தம் பிறப்பே காரணம் என்னும் கருத்தை, அறிஞர் டுபாய்ஸ் 1906லேயே மறுத்திருந்தார். காசநோய் மிகுவது இனத்தால் அன்று, வாழும் நிலையால் என்று புள்ளிவிவரங்களோடு நிறுவ முற்பட்டார். செவிமடுத்தோர் சிலரே.

1971இல் கருஞ்சிறுத்தைக் கட்சியினர் வேறு வழியை மேற்கொண்டனர். அரிவாள் செல் சோகை என்னும் மரபுவழி நோயின் பெயரை மக்களிடம் மறைக்காது கொண்டு சென்றனர். வீடுவீடாகச் சென்று, விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதித்து, நோய் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் வகையை விளக்கினர். 1972இல் இந்நோய்க்கெனக் கூட்டரசின் சட்டமும் வந்தது.

ஆயினும் சொற்சிக்கல் தீரவில்லை. மரபணுக்கூறு ஒன்றை மட்டும் உடையவர் நோயாளி அல்லர். இவ்விரண்டையும் வேறுபடுத்தாமலே சில மாநிலங்கள் சோதனையைக் கட்டாயமாக்கின. நலமாக இருந்தோர் பலர் வேலையும் காப்பீடும் மறுக்கப்பட்டனர். அக்கூறு உடையோரைச் சேர்ப்பதில்லை என்னும் விதியை, அமெரிக்க வான்படைக் கல்லூரி 1981இல்தான் கைவிட்டது.