பணம் கைமாறும் செலவு யாரைச் சேர்ந்தது?

பொருளின் விலை ஒன்று. அந்த விலை வாங்குபவர் கையிலிருந்து விற்பவர் கைக்குச் சென்று சேர்வதற்கு ஆகும் செலவு மற்றொன்று. முன்னதைப் பற்றி எல்லோரும் பேசுகின்றனர், பேரமும் செய்கின்றனர். பின்னது பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. "இந்த அட்டை இங்கு ஏற்கப்படாது" என்று ஒரு கடையோ, இணைய வழி விற்பனை நிறுவனமோ மறுக்கும்போதுதான் அது வெளிச்சத்துக்கு வருகிறது. அந்த மறுப்புக்கு அடிப்படையான காரணங்களையும், அச்சுமை நியாயமாக யாரைச் சேரவேண்டும் என்பதையும் ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

மணியார்டர் காலம்

தெற்குத் தில்லியிலுள்ள கிட்வாய் நகர், அரசு ஊழியர் குடியிருப்பாக அமைந்த பகுதி. சுதந்திர இந்தியாவின் முதல் தகவல் தொடர்பு அமைச்சராக விளங்கிய ரஃபி அகமது கிட்வாயின் பெயரை அது தாங்கி நிற்கிறது. தபால், தந்தித் துறை அவருடைய பொறுப்பில் இருந்தது. தலைநகருக்குப் பணியின் பொருட்டு வந்த தமிழ்நாட்டு ஊழியர்கள் உள்ளிட்ட பலர், சம்பள நாளை அடுத்துத் தம் ஊரிலுள்ள பெற்றோருக்குப் பணம் அனுப்ப அத்துறையின் மணியார்டரையே நெடுங்காலம் நம்பியிருந்தனர்.

இந்தியத் தபால் துறை 1880ஆம் ஆண்டில் மணியார்டர் பணியை மேற்கொண்டது. 2015ஆம் ஆண்டில் அதன் பழைய வடிவம் நிறுத்தப்பட்டது. பிற்காலத்தில் 20 ரூபாய்க்கு ஒரு ரூபாய் என்ற விகிதத்தில் கமிஷன் வாங்கப்பட்டது. நூறு ரூபாய் அனுப்புபவர் ஐந்து ரூபாய் கூடுதலாகச் செலுத்தினார். தொலைவிலுள்ள விற்பனையாளரிடமிருந்து புத்தகமோ மருந்தோ வி.பி.பி. மூலம் வரவழைத்தவரும், பொருளின் விலையோடு மணியார்டர் கமிஷனையும் கணக்கில் கொண்டே தபால்காரரிடம் பணம் கொடுத்தார். இன்றைய இணைய வழி வாணிகத்துக்கு வி.பி.பி. முறையை முன்னோடி என்று கூறினால் மிகையாகாது.

இக்கட்டணம் குறைவானதன்று. ஆயினும் அதற்கு ஒரு சிறப்பு இருந்தது. எவ்வளவு செலவாகிறது, அதைச் செலுத்துபவர் யார், அது யாருக்குப் போகிறது என்ற மூன்றும் அஞ்சல் நிலையச் சாளரத்தின் முன் நின்ற எவருக்கும் தெரிந்திருந்தன.

அட்டையின் பின்னால்

இன்று கிழக்குக் கிட்வாய் நகரின் பழைய வீடுகள் இருந்த இடத்தில் அடுக்கு மாடிக் கட்டடங்கள் எழுந்துள்ளன. அங்கு வாழும் குடும்பத்தினர் அரிசி, பருப்பு முதல் மின்விசிறி வரை கைப்பேசியிலேயே வாங்கிவிட முடிகிறது. அப்பகுதியில் மளிகைக் கடை நடத்தும் ஒரு சிறு வணிகரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வாடிக்கையாளர் 3,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கிக் கடன் அட்டையை நீட்டுகிறார். கட்டணம் 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வணிகர் 60 ரூபாய் இழக்கிறார். அக்கட்டணத்தின் மீது 18 சதவீத சரக்கு, சேவை வரி 10 ரூபாய் 80 காசு. ஆக, அவர் கணக்கில் வந்து சேர்வது 2,929 ரூபாய் 20 காசு மட்டுமே. மளிகைச் சரக்கில் அவருக்குக் கிடைக்கும் இலாபம் 5 சதவீதம், அதாவது 150 ரூபாய் எனில், அதில் ஏறத்தாழப் பாதி அட்டையோடு போய்விடுகிறது. அவர் அட்டையை மறுப்பதற்கு நாகரிகம் அறியாமை காரணமன்று. கணக்கு அறிந்திருப்பதே காரணம்.

இக்கட்டணம் மூன்று கூறுகளாகப் பிரிகிறது. பெரும் பங்கு, வாடிக்கையாளருக்கு அட்டை வழங்கிய வங்கிக்குச் செல்கிறது. ஒரு பங்கு விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டை அமைப்புக்கும், எஞ்சியது வணிகருக்குக் கருவியையும் கணக்கையும் அளித்த வங்கிக்கும் செல்கின்றன. இணைய வழி விற்பனையில் பணத்தைப் பெற்றுத் தரும் இடைநிலை நிறுவனத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அட்டை நேரில் காட்டப்படாத விற்பனையில் மோசடி அபாயம் மிகுதி என்பதும் கட்டண உயர்வுக்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. இதைக் கருதியே ரிசர்வ் வங்கி, 2009 ஆகஸ்டு 1 முதல் இந்தியாவில் இணைய வழி அட்டைச் செலுத்தல்களுக்குக் கூடுதல் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது.

கடன் அட்டை வைத்திருப்போருக்கு வங்கிகள் பரிசுப் புள்ளிகளும் தள்ளுபடிகளும் வழங்குகின்றன. அவற்றின் செலவில் ஒரு பகுதி வணிகர் கட்டணத்திலிருந்தே வருகிறது. வணிகர் அதனைப் பொருளின் விலையில் ஏற்றுகிறார். விலையோ எல்லோருக்கும் ஒன்றே. எனவே ரொக்கம் கொடுத்து ஒரு கிலோ பருப்பு வாங்கும் வீட்டுப் பணிப்பெண்ணும், பரிசுப் புள்ளி பெறும் அதிகாரியின் அட்டைச் செலவில் ஒரு பங்கை ஏற்கிறார். மணியார்டர் கமிஷன் அனுப்பியவரையே சார்ந்தது; அட்டைக் கட்டணம் அட்டையே இல்லாதவரையும் சென்று தாக்குகிறது. இதுவே சிந்தனைக்குரியது.

மறுப்பின் வலிமை

வணிகர் மறுத்தால் என்ன நேரும் என்பதற்கு அண்மைக்கால வரலாறு சான்று பகர்கிறது. 2016 நவம்பர் 8ஆம் நாள் உயர்மதிப்பு நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டபின், அட்டைப் பயன்பாடு திடீரெனப் பெருகியது. 2017 ஜனவரியில் சில வங்கிகள் பெட்ரோல் நிலையங்களிடம் அட்டைக் கட்டணம் வசூலிக்க முற்பட்டன. லிட்டருக்கு இவ்வளவு என்று வரையறுக்கப்பட்ட கமிஷனில் வாழும் தங்களால் அச்சுமையைத் தாங்க இயலாது என்று கூறிய விற்பனையாளர்கள், அட்டைகளை ஏற்பதில்லை என்று அறிவித்தனர். அரசு தலையிட்டது. கட்டண விதிப்பு முதலில் ஜனவரி 13 வரை ஒத்திவைக்கப்பட்டது. வாடிக்கையாளரோ விற்பனையாளரோ அக்கட்டணத்தைச் சுமக்க வேண்டியதில்லை என்று பெட்ரோலிய அமைச்சர் தர்மேந்திர பிரதான் அறிவித்தார். சுமை வங்கிகளுக்கும் எண்ணெய் நிறுவனங்களுக்கும் இடையே தீர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இணைய வழி வாணிகத்தில் இதற்கு இணையான நிகழ்ச்சி பிரிட்டனில் நடந்தது. 2022 ஜனவரி 19 முதல் அந்நாட்டில் வழங்கப்பட்ட விசா கடன் அட்டைகளை ஏற்பதில்லை என்று அமேசான் நிறுவனம் 2021 நவம்பரில் அறிவித்தது. உயர்ந்த கட்டணமே அதற்குக் கூறப்பட்ட காரணம். சிங்கப்பூரில் அதே ஆண்டில் விசா கடன் அட்டைக்கு அரை சதவீதக் கூடுதல் கட்டணமும் விதித்தது. குறித்த நாளுக்கு இரு நாள் முன்னதாகப் பிரிட்டனில் மறுப்பு கைவிடப்பட்டது. பிப்ரவரியில் இரு நிறுவனங்களும் உலகளாவிய உடன்பாட்டை எட்டின.

இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்தும் பாடம் ஒன்றே. சேர்ந்து நின்ற பெட்ரோல் விற்பனையாளரும், பேருருவம் கொண்ட இணைய நிறுவனமும் மறுத்தபோது கட்டணம் பேச்சுக்கு வந்தது. கிட்வாய் நகர் மளிகைக் கடைக்காரர் தனித்து மறுத்தால் கட்டணம் அசைவதில்லை. வாடிக்கையாளர்தான் அடுத்த கடைக்கு நகர்கிறார். மேலும், ஓர் அமைப்பின் அட்டையை ஏற்கும் வணிகர் அதன் எல்லா அட்டைகளையும் ஏற்கவேண்டும் என்ற விதியையும் அட்டை அமைப்புகள் வகுத்திருந்தன. செலவு குறைந்த சாதாரண அட்டையை ஏற்று, செலவு மிகுந்த பரிசு அட்டையை மட்டும் விலக்கும் வழி இதனால் அடைபட்டது.

வரம்பும் விலக்கும்

வலிமை குன்றியவரின் சார்பில் பேரம் பேசும் பொறுப்பை இந்தியாவில் ரிசர்வ் வங்கியும் அரசும் ஓரளவு ஏற்றன. 2012 செப்டம்பர் முதல் டெபிட் அட்டைக் கட்டணத்துக்கு 2,000 ரூபாய் வரை 0.75 சதவீதம், அதற்கு மேல் 1 சதவீதம் என வரம்பு விதிக்கப்பட்டது. டெபிட் அட்டை கொடுப்பவரிடம் வணிகர் தனிக் கட்டணம் வாங்குவது முறையன்று என்று 2013இல் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியது. 2018 ஜனவரி முதல், ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சிறு வணிகருக்கு 0.40 சதவீதமும், ஏனையோருக்கு 0.90 சதவீதமும் உச்சவரம்பாயின. 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் அட்டைக்கும் யு.பி.ஐ. செலுத்தலுக்கும் வணிகர் கட்டணம் அறவே நீக்கப்பட்டது. காய்கறிக் கடை வரை கட்டச் சதுரக் குறியீட்டு அட்டை தொங்குவதற்கு இவ்விலக்கு ஒரு முக்கிய காரணம்.

ஆனால் கடன் அட்டைக்கு இத்தகைய உச்சவரம்பு விதிக்கப்படவில்லை. ஐரோப்பிய ஒன்றியமோ, அட்டை வழங்கும் வங்கி பெறும் பங்கினை 2015ஆம் ஆண்டு முதல் டெபிட் அட்டைக்கு 0.2 சதவீதம், கடன் அட்டைக்கு 0.3 சதவீதம் என வரையறுத்தது.

கட்டணம் இல்லை என்பதால் செலவும் இல்லை என்று கருதிவிடலாகாது. கணினிகளும், பாதுகாப்பு ஏற்பாடுகளும், குறைதீர்க்கும் ஊழியரும் இன்றிப் பணம் நொடியில் கைமாறுவதில்லை. இச்செலவை ஈடு செய்யும் ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2021-22ஆம் ஆண்டுக்கு 1,300 கோடி ரூபாயும், 2022-23ஆம் ஆண்டுக்கு 2,600 கோடி ரூபாயும், சிறு தொகை யு.பி.ஐ. செலுத்தல்களுக்கு மட்டும் 2024-25ஆம் ஆண்டுக்கு 1,500 கோடி ரூபாயும் அனுமதித்தது. ஆகவே வணிகரிடமிருந்து இறங்கிய சுமையின் ஒரு பகுதி வரி செலுத்துவோரின் தோளில் ஏறியுள்ளது. ரொக்கத்துக்கும் செலவு உண்டு; நோட்டு அச்சிடவும், கொண்டு செல்லவும், காவல் காக்கவும், கள்ள நோட்டைக் கண்டறியவும் பணம் தேவை.

நியாயமான வழி

எனவே, செலவே இல்லாத வழியைத் தேடுவது வீண். செலவு கண்ணுக்குத் தெரிவதும், அது அளவோடு இருப்பதும், பயன் பெறுபவர் அதனை ஏற்பதுமே தேடத்தக்கவை. முதலாவதாக, ஏற்கப்படும் அட்டைகள் எவை என்பதைக் கடை வாயிலிலும், இணைய வழி விற்பனையில் பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன்பும் வணிகர் தெரிவித்தல் வேண்டும். எல்லாம் முடிந்தபின் மறுப்பது நுகர்வோரை அலைக்கழிப்பதாகும். இரண்டாவதாக, ஒவ்வொரு கட்டணமும் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதை வணிகருக்குப் புரியும் மொழியில் வங்கிகள் அறிவித்தல் வேண்டும். மூன்றாவதாக, சிறு வணிகர் ஏற்கும் கடன் அட்டைகளுக்கேனும் உச்சவரம்பு விதிப்பது ஆராயத்தக்கது. பரிசுப் புள்ளி வேண்டுவோர் அதன் விலையைத் தம் ஆண்டுச் சந்தாவிலேயே செலுத்தட்டும்.

மின்னணு முறையில் பணம் செலுத்துவது நாட்டின் வளர்ச்சிக்குத் துணை செய்யும் என்பதில் ஐயமில்லை. அவ்வளர்ச்சியின் கூலியை, ரொக்கம் எண்ணிக் கொடுக்கும் ஏழை வாங்குநர் தாம் அறியாமலே செலுத்தும் நிலை நீடிக்கலாகாது. அஞ்சல் நிலையச் சாளரத்தின் முன் நின்றவருக்குக் கிடைத்த தெளிவு, கைப்பேசித் திரையின் முன் நிற்பவருக்கும் கிடைக்க வேண்டும்.