பழைய ஜிப்ஸியும் திம்பம் மலைப்பாதையும்

மைசூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஊர் திரும்பும் மலைவழிகளில் இரண்டைச் சொல்லலாம். குண்டலுப்பேட்டை, பந்திப்பூர் வழியாக நீலகிரிக்குச் செல்வது ஒன்று. சாமராஜநகரைக் கடந்து, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சத்தியமங்கலத்தை அடைவது மற்றொன்று. எங்கள் குடும்பத்துக்கு உரியது இரண்டாவது வழி. சத்தியமங்கலத்துக்கு அப்பால் எங்களுக்குச் சிறிது புன்செய் நிலம் இருக்கிறது. மழை பெய்துவிட்டால் அங்கே செல்லும் வண்டித்தடம் சேறாகிவிடும். சாதாரணக் கார் பாதி வழியிலேயே நின்றுவிடும். ஆகவே நான்கு சக்கரங்களும் இழுக்கக்கூடிய வண்டியொன்று வேண்டுமென்று எண்ணி, பழைய மாருதி ஜிப்ஸி ஒன்றை மைசூரிலேயே விலைக்கு வாங்கினோம். அதை வாங்கிய கதையைவிட, அது நேராக ஓடுவதற்குக் கற்றுக்கொண்ட கதையே சொல்லத்தக்கது.

முந்தைய உடைமையாளர் அதை அழகுபடுத்தி வைத்திருந்தார். காட்டுக்கு ஏற்ற பருத்த டயர்கள், உயர்த்தப்பட்ட உடல், கூரைமேல் இரும்புத் தட்டி, முன்புறம் யானைத் தந்தம்போல் ஒரு கம்பி. தெருவில் நிறுத்தினால் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் திறக்கப்பட்ட பெங்களூர் விரைவுச்சாலையில் ஓட்டியபோதோ, மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டியதும் அது தேர்போல் ஆடியது. ஸ்டியரிங்கை இடப்புறம் திருப்பினால் சற்று யோசித்த பின்னரே வண்டி இடப்புறம் சென்றது. பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். அந்தச் சமாதானம் எவ்வளவு ஆபத்தானது என்பதைத் திம்பத்தில் கண்டோம்.

அன்று அம்மாவும் உடன் வந்திருந்தார். சாரல் பெய்துகொண்டிருந்தது, சாலை வழுக்கும் என்று அஞ்சி, நான்கு சக்கர இழுவையை மாட்டிவிட்டு மெல்ல இறங்கினோம். நான்கு சக்கரமும் பிடித்தால் வண்டி வழுக்காது என்பது எங்கள் நம்பிக்கை. வளைவொன்றில் ஸ்டியரிங் திடீரென்று கனத்தது. சக்கரம் திரும்பியிருந்தும் வண்டி திரும்பாமல், மூக்கை நீட்டிக்கொண்டு நேரே வழுக்கிச் சென்றது. எதிரே ஏறி வந்த லாரியின் ஓட்டுநர் முன்னமே கண்டு நிறுத்தியிருந்ததால் தப்பினோம். இடைவெளி இரண்டு முழம் இருக்கலாம். அம்மா ஒன்றும் பேசவில்லை. ஊர் சேர்ந்த பிறகு, "திரும்பிப் போகும்போது நான் பஸ்ஸில் வந்துகொள்கிறேன், நீங்கள் மெதுவாக வாருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

மைசூர் திரும்பியதும் வண்டியை விற்றுவிடுவது என்று முடிவு செய்தோம். ஆனால் நமக்கு ஆகாத ஆபத்தை விலை பேசி இன்னொருவர் தலையில் கட்டுவதா என்ற கேள்வி குறுக்கே நின்றது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில் காட்டினோம். அவர்கள் வண்டியின் அடியில் குனிந்துகூடப் பாராமல், வெளிநாட்டு ஷாக் அப்சார்பர்களையும், ஸ்டியரிங் ஆட்டத்தை அடக்கும் டாம்பர் ஒன்றையும் சேர்த்துப் பெருந்தொகை ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். பிறகு நண்பர் ஒருவர் பன்னிமண்டபம் பக்கத்திலுள்ள சிறு பட்டறைக்கு அழைத்துச் சென்றார். இராணுவ ஜீப்புகளில் கை பழகிய முதியவர் அங்கே இருந்தார். சீட்டைப் படித்துவிட்டுக் கன்னடத்தில் அவர் சொன்னது இது: "இருப்பதை முதலில் சரி செய்யலாம், ஸ்வாமி. இல்லாததைப் பிறகு வாங்கலாம்."

முதலில் நான்கு சக்கர இழுவையைப் பற்றி விளக்கினார். ஜிப்ஸி, பழைய மகிந்திரா ஜீப் ஆகியவற்றில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே வேகத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின் சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் செல்வதால், இரண்டும் கடக்கும் தூரம் வேறு. இழுவையை மாட்டியதும் இரு அச்சுகளும் ஒரே கணக்கில் சுழலும்படி கட்டுண்டுவிடுகின்றன. சேற்றிலும் மணலிலும் சக்கரம் சிறிது வழுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். தார்ச்சாலையிலோ அது இயலாமல், தண்டுகளில் முறுக்கு ஏறும், ஸ்டியரிங் கனக்கும். ஈரத் தார்ச்சாலையில் அந்த முறுக்கு விடுபட்டபோது வழுக்கியது எங்கள் முன் சக்கரம். நாங்கள் காப்பு என்று மாட்டியதே எங்களைத் தள்ளியது. இது வண்டியின் பிழையன்று, எங்கள் அறியாமை. இவ்வகை வண்டியை வைத்திருப்போர் சேறு கடந்ததும் அந்தக் கம்பியை விடுவிக்க மறவாதிருக்க வேண்டும்.

எஞ்சியவை வண்டியின் பிழைகள். அவற்றைக் காண அவருக்குக் கருவி ஏதும் வேண்டியிருக்கவில்லை. எங்களில் ஒருவரை ஸ்டியரிங்கில் அமர்த்தி, சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே இடமும் வலமும் சிறிது சிறிதாக அசைக்கச் சொன்னார். மற்றவரைத் தம்முடன் அடியில் படுக்க வைத்தார். கை அசையும்போது எந்த மூட்டில் அசைவு தொலைகிறது என்று பார்த்துக்கொண்டே செல்ல வேண்டும். எங்கள் வண்டியில் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் ஒரு முனை, பல் விழுந்த கிழவர் வாய்போல் குலுங்கியது. ஸ்டியரிங் பெட்டியின் மேலிருக்கும் திருகை இறுக்கி இந்தக் குறையை மறைப்பதுண்டு என்றும், அவ்வாறு அளவுக்கு மீறி இறுக்கினால் திருப்பிய சக்கரம் தானாக நேராவது நின்றுபோகும் என்றும் சொன்னார். எங்கள் பெட்டியிலும் யாரோ அதைச் செய்திருந்தார்கள்.

அடுத்து முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தார். ஆட்டம் இருந்தது. பிறகு பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் அசைத்தார், ஆட்டம் குறையவில்லை. பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் சக்கர பேரிங்கில் குறை. நிற்காவிட்டால் கிங்பின் பேரிங்கில் குறை என்பது அவர் கணக்கு. எளிய சோதனை, எவரும் வீட்டிலேயே செய்யலாம், வண்டி நழுவாதபடி மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு. குழியில் விழுந்ததும் முன் சக்கரங்கள் இரண்டும் வெறி பிடித்தாற்போல் உதறும் நோய் இவ்வகை வண்டிகளுக்கு உண்டு. அதற்குத் தேய்ந்த கிங்பின்னும் தளர்ந்த மூட்டுகளுமே பெரும்பாலும் காரணம். முதற்கடைக்காரர் எழுதிக் கொடுத்த டாம்பர் அந்த உதறலை வெளியே தெரியாமல் அமுக்குமேயன்றி, நோயைத் தீர்க்காது.

ஆயினும் நேர்ச்சாலையில் வண்டி அலைந்ததற்கு மூலகாரணம் வேறு. வண்டியை உயர்த்துவதற்காக, வில்பட்டைகளைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிள்களை முந்தையவர் நீளமாக்கியிருந்தார். ஜிப்ஸியின் முன் வில்பட்டைகளுக்கு ஷேக்கிள் முன்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் அந்த முனை தாழ்ந்து, அச்சு முழுவதுமே சற்று முன்னோக்கிச் சாய்ந்துவிடும். இதனால் வரும் தீமையை அறிய மிதிவண்டியைப் பாருங்கள். அதன் முன் கவை செங்குத்தாக இல்லாமல் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வுக் கோட்டை நீட்டினால், அது சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்குச் சிறிது முன்னே விழும். ஆகவே சக்கரம் எப்போதும் அந்தப் புள்ளியின் பின்னே, பசுவின் பின்னே கன்று வருவதுபோல், தொடர்ந்து வருகிறது. கையை விட்டாலும் மிதிவண்டி நேரே போவதற்கு இது பெருந்துணை. மோட்டார் வண்டியில் இதனைக் காஸ்டர் என்பர். உயரத்துக்கு ஆசைப்பட்டு எங்கள் வண்டி இழந்தது இந்தச் சாய்வைத்தான். நீண்ட ஷேக்கிள்களைக் கழற்றிப் பழைய அளவில் மாட்டியதும் பாதி நோய் தீர்ந்தது. உயரம் கட்டாயம் வேண்டும் என்போர் அச்சுக்கும் வில்பட்டைக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைத்துச் சாய்வை மீட்பதுண்டு. எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

வில்பட்டைகளைக் கழற்றியதோடு அவற்றைப் பிரித்து, துருவைச் சுரண்டி, கிராஃபைட் கிரீஸ் தடவி மீண்டும் கட்டினார். ரப்பர் புஷ்கள் அனைத்தும் புதியவை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. புஷ்களின் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுதும் இறுக்கலாகாது. சக்கரங்களைத் தரையில் இறக்கி, வண்டியின் எடை வில்பட்டையில் ஏறிய பின்பே இறுக்க வேண்டும். இல்லையெனில் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சில மாதங்களில் கிழிந்துவிடும். அச்சைப் பிடிக்கும் யூ போல்ட்டுகளைச் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மீண்டும் இறுக்கிப் பார்ப்பதும் அவசியம். இதைச் செய்யாமல் விடுபவரே மிகுதி.

டயரில் எங்கள் வெட்கக்கேடு வெளிப்பட்டது. டயர் செய்யும் ஊரிலேயே குடியிருந்தும் டயரின் வயதைப் பார்க்க எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதன் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2314 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் என்று பொருள். எங்கள் டயர்களில் பட்டன்கள் ஆழமாக இருந்தன. ரப்பரோ பத்தாண்டுக்கு மேற்பட்டுக் கல்லாய் இறுகியிருந்தது. பருத்த டயரில் 38 பவுண்டு காற்று வேறு. ஏறத்தாழ 1000 கிலோ எடையுள்ள இலேசான வண்டிக்கு அவ்வளவு காற்று அடைத்தால், டயர் சாலையைப் பற்றாமல் பந்துபோல் துள்ளும். தொழிற்சாலை குறித்திருக்கும் 205/70 ஆர் 15 அளவில் புதிய டயர்கள் போட்டு, கையேடு கூறும் அளவுக்குக் காற்று அடைத்து, சக்கரங்களைச் சமன் செய்து, முன் சக்கரங்களின் உட்சாய்வை அளந்து வைத்தோம். கூரைத் தட்டி மறுநாளே இறங்கிற்று. தலைச்சுமை ஏற ஏற வளைவில் சாய்வும் ஏறும். இதற்குப் பொறியியல் வேண்டாம், வைக்கோல் வண்டி பார்த்தவர்க்குத் தெரியும்.

உயரத்தைவிட அகலமே உறுதி என்பதைத் தொழிற்சாலையும் உணர்ந்தே இருந்தது. 1993-ஆம் ஆண்டு ஜிப்ஸியின் சக்கர இடைவெளியை 90 மில்லிமீட்டர் அகலப்படுத்தி வெளியிட்டார்கள். அதற்கு முன், 1988-ஆம் ஆண்டு, ஜிப்ஸியின் உடன்பிறப்பாகிய சுசுகி சமுராய் வண்டி திடீர்த் திருப்பத்தில் எளிதில் கவிழ்கிறது என்று அமெரிக்க நுகர்வோர் சங்கம் ஒன்று தன் சோதனையைக் காட்டிக் கண்டித்தது. சோதனை முறையே நேர்மையற்றது என்று சுசுகி நிறுவனம் 1996-ல் வழக்குத் தொடுத்தது. 2004-ல் இரு தரப்பும் பணம் கைமாறாமல் உடன்பாடு கண்டன. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். குட்டையான, உயரமான வண்டியை மேலும் உயர்த்துவது எத்தகைய செயல் என்பது அவ்வழக்கைப் படிப்போருக்கு விளங்கும்.

சட்டத்தின் பக்கமும் ஒரு சொல். தயாரித்தவர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றலாகாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019-ஆம் ஆண்டு சனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இன்னொன்று: தமிழ்நாட்டு எண் கொண்ட வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அம்மாநில எண்ணுக்கு விண்ணப்பித்தாக வேண்டும். ஊர் எண்ணைக் கைவிட மனம் வராமல் காலம் கடத்துவோர் நம்மிடையே பலர். எங்கள் சித்தப்பாவும் அவர்களில் ஒருவர்.

வேலை முடிந்ததும் சாமுண்டி மலைக்கு ஓட்டிச் சென்று, நந்தியைப் பார்த்துவிட்டு இறங்கினோம். திருப்பிய ஸ்டியரிங் கையை வழுக்கிக்கொண்டு தானே நேரானது. முதற்கடைக்காரர் கேட்ட தொகையில், டயர்களை நீக்கிப் பார்த்தால், நான்கில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய்க் கசிவு கண்ட இரண்டை மட்டும் மாற்றினோம், அவையும் சாதாரணமானவை.

அம்மாவை மீண்டும் அழைத்துச் செல்ல இரண்டு மாதங்கள் ஆயின. இரவில் அவ்வழியே போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருப்பதால் காலையிலேயே புறப்பட்டோம். திம்பத்தின் உச்சியில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரக் கம்பி விடுபட்டிருப்பதை அவருக்கே காட்டினோம். இரண்டாவது கியரில் இறங்கினோம். லாரி நின்ற அந்த வளைவு வந்தபோது அவர் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டார். அதற்கடுத்த வளைவில் கையை எடுத்துவிட்டு, "பின்னால் ஏதோ கிரீச்சென்று சத்தம் போடுகிறதே, அதையும் அந்தப் பெரியவரிடம் சொல்லுங்கள்" என்றார். பின்புற ஷேக்கிள் புஷ் ஒன்று. அடுத்த மாதம் பன்னிமண்டபத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.