ஒரு மலை, இரு மழை: புதிய சிற்றினங்கள் பிறக்கும் விதம்



யானைக்கும் புலிக்கும் மேடை எளிதில் கிடைத்துவிடும். தரையோடு தரையாக வாழும் தவளைக்கும் பல்லிக்கும் பாம்புக்கும் கிடைப்பது அரிது. இன்று அவற்றுக்காக ஒரு நினைவுச் சொற்பொழிவையே ஒதுக்கியிருக்கிறீர்கள். இந்த நேரத்தை ஒரே ஒரு கேள்விக்குச் செலவிட விரும்புகிறேன். ஒரு சிற்றினம் எப்படி இரண்டாகிறது?

எர்ன்ஸ்ட் மேயர் 1942-இல் தந்த விளக்கத்தைத்தான் இன்றும் வகுப்பறைகளில் சொல்லித்தருகிறோம். தமக்குள் கலந்து இனம்பெருக்கும் கூட்டம் ஒரு சிற்றினம். இரு கூட்டங்களுக்கு இடையே அந்தக் கலப்பு அடியோடு நின்றுபோனால் அவை இரண்டு சிற்றினங்கள். அப்படியானால், கலப்பை நிறுத்துவது எது? விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையே போதும்.

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடரே அறுபட்டுக் கிடக்கிறது. காற்றுக்கும் ரயிலுக்கும் அந்தக் கணவாய் வழி. உயரத்துக் குளிரில் வாழ்ந்து பழகிய சிறு தவளைக்கோ அது கடக்க முடியாத வெக்கை. தவளை தோலாலும் மூச்சுவிடும் உயிர். தோல் காய்ந்தால் பிழைக்காது. கடல் வேண்டாம், பாலைவனம் வேண்டாம். ஒரு நாள் நடையில் நாம் கடந்துவிடும் சமவெளி போதும், அதன் வம்சத்தை இரண்டாகப் பிரிக்க.

ராவோர்செஸ்டெஸ் என்ற புதர்த்தவளைப் பேரினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரு விலங்கியல் பேராசிரியர் சி.ஆர். நாராயண ராவின் நினைவாக 2010-இல் சூட்டப்பட்ட பெயர் அது. எழுபதுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் கொண்ட இந்தப் பேரினத்தில் பெரும்பாலானவை மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியவை. இவற்றுக்குக் குளமோ ஓடையோ தேவையில்லை. தலைப்பிரட்டைப் பருவம் முட்டைக்குள்ளேயே முடிந்துவிடும். முட்டையைக் கிழித்துக்கொண்டு வருவதே விரல்நுனியில் அடங்கும் முழுத் தவளை. ஈரமான இலைகளும் புல்லும் இருந்தால் ஒரு சிகரமே அதற்கு உலகம். ஆரஞ்சுச் சிவப்பில் ஒளிரும் ராவோர்செஸ்டெஸ் ரெஸ்ப்ளெண்டென்ஸ் ஆனைமுடிச் சிகரத்தையும் அதை ஒட்டிய உயர்நிலத்தையும் விட்டு வெளியே அறியப்படவில்லை.

பிரிந்த இரு கூட்டங்களும் மாறியே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனால் தலைமுறைதோறும் மரபணுக்களில் சிறுசிறு பிழைகள் சேரும். இந்தப் பக்கத்து மாற்றம் அந்தப் பக்கம் போய்ச் சேர வழியில்லை. சிறிய கூட்டமானால், வெறும் தற்செயலாலேயே ஒரு மாற்றம் எல்லா உறுப்பினருக்கும் பரவிவிடும். நிறம் மாறலாம், உடல் அளவு மாறலாம். தவளைகளில் மிக முக்கியம், குரல் மாறுவது. தவளை தன் வாயால் கெடும் என்று நம் ஊரில் சொல்வார்கள். அதே வாயால்தான் அது குடும்பமும் நடத்துகிறது. ஆண் கூப்பிடும், பெண் கேட்டுத் தேர்ந்தெடுக்கும். பல்லாயிரம் ஆண்டு கழித்து இரு கூட்டங்களும் மறுபடி சந்தித்தாலும், பழக்கமில்லாத குரலுக்குப் பெண் வராது. முதலில் நிலம் பிரித்தது. பிறகு நிலம் சேர்ந்தாலும் குரல் சேரவிடாது.

மலையிடைவெளி மட்டும்தான் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. இந்திய அறிவியல் நிறுவனத்தின் எஸ்.பி. விஜயகுமார், கார்த்திக் ஷங்கர் உள்ளிட்டோர் 2016-இல் வெளியிட்ட புதர்த்தவளை ஆய்வு, மலைகளின் அமைப்போடு பனியுகத் தட்பவெப்ப மாற்றங்களுக்கும் இந்தப் பெருக்கத்தில் பங்கு உண்டு என்று காட்டியது. குளிர்ந்து வறண்ட காலங்களில் ஈரக்காடு சுருங்கித் துண்டு துண்டாகும். மழை மீண்டால் துண்டுகள் இணையும். அதற்குள் சில துண்டுகளில் இருந்த தவளைகள் அந்நியராகிவிட்டிருக்கும்.

இனி, நான் மிகவும் மதிக்கும் ஓர் உயிருக்கு வருகிறேன். ஊதாத் தவளை. மலையாளத்தில் பாதாளத் தவளை என்பார்கள். உப்பிய உடல், அதற்குப் பொருந்தாத சின்னத் தலை, வெளிறிய கூர்மூக்கு, குட்டைக் கால்கள், மிகச் சிறிய கண்கள். ஆண்டில் பெரும்பகுதி மண்ணுக்கடியில் கறையான் தின்று கிடக்கும். முதல் பெருமழைக்குச் சில நாட்கள் மட்டும் மேலே வரும். ஆண் மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே இருந்தபடியே கூப்பிடும். தன்னைவிடப் பெரிய பெண்ணின் முதுகைப் பற்றிக்கொண்டு ஓடைக்குப் போகும். பாறை இடுக்கில் ஆயிரக்கணக்கான முட்டைகள். பிறக்கும் தலைப்பிரட்டைகள் உறிஞ்சும் வாயால் பாறையைக் கவ்விக்கொண்டு, பாய்ந்துவரும் தண்ணீரை எதிர்த்து, அங்கேயே பாசியைச் சுரண்டித் தின்று வளரும். 1918-லேயே அந்தத் தலைப்பிரட்டை நூலில் ஏறிவிட்டது. முழுத் தவளை அறிவியலுக்கு அறிமுகமானது 2003-இல், எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி பொசுய்ட்டும் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரையில். அதற்கு நெருங்கிய உறவு இந்தியாவிலேயே இல்லை. கடல் கடந்து செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறது.

கதை அங்கே முடியவில்லை. 2017-இல் மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டிலிருந்து அதே பேரினத்தில் இரண்டாவது சிற்றினம் விவரிக்கப்பட்டது. பெயர் நாசிகாபட்ராகஸ் பூபதி. கோயம்புத்தூர் சாலிம் அலி மையத்தில் பணியாற்றி, 2014-இல் களப்பணியில் உயிர்நீத்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயர் அது. உடலமைப்பு, குரல், மரபணு எல்லாவற்றிலும் வேறுபாடு. இவற்றையெல்லாம் விட என்னை வியக்கவைப்பது நாட்காட்டிதான். மேற்குச் சரிவில் வாழும் ஊதாத் தவளை தென்மேற்குப் பருவமழையின் தொடக்கத்தில் மண்ணைவிட்டு எழுகிறது. கிழக்குச் சரிவின் பூபதித் தவளை ஐப்பசி, கார்த்திகை மழைக்காகக் காத்திருக்கிறது. ஒன்று இணை தேடும் நாளில் மற்றொன்று மண்ணுக்குள் இருக்கிறது. நடுவில் உள்ள முகட்டைத் தரைமட்டமாக்கினாலும் அவை சந்திக்கப்போவதில்லை. இடம் பிரிப்பதைப் போலவே காலமும் பிரிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். நம் மலைக்கு மழை இரு திசையிலிருந்து இரு பருவங்களில் வருகிறது. தவளையும் இரண்டாயிற்று.

இலங்கையையும் தொட்டுச் செல்ல வேண்டும். பனியுகங்களில் கடல்மட்டம் தாழ்ந்தபோது இலங்கையும் இந்தியாவும் தரைவழியே இணைந்திருந்தன. ஆயினும் இலங்கைப் புதர்த்தவளைகள் சூடோபிலாட்டஸ் என்னும் தனிப் பேரினமாக அங்கேயே கிளைத்துப் பெருகின. இந்தப் பக்கம் திரும்பி வந்த மரபுகள் மிகச் சில. இடையில் இருந்த வறண்ட தாழ்நிலமே அவற்றுக்குக் கடலாயிற்று. மண்ணுக்குள் வாழும் கவசவால் பாம்புகளின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

விதிவிலக்கு ஒன்றும் உண்டு. அது உங்கள் வீட்டுப் பூந்தொட்டியிலேயே இருக்கக்கூடும். மண்புழு என்று நினைத்துத் தள்ளிவிடும் கறுத்த சிறு புழுப்பாம்பு. அதில் எல்லாமே பெண்கள். குரோமோசோம்கள் இரண்டு தொகுதிக்குப் பதில் மூன்று. ஆண் துணையின்றி முட்டையிட்டு, தொட்டி மண்ணோடு பயணம் செய்து உலகெங்கும் பரவிவிட்டது. பிரிவால் பிறந்ததன்று, இரு மரபுகள் கலந்ததால் பிறந்தது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இங்கே மலையடிவார ஊர்களிலிருந்து வந்திருக்கும் மாணவர்கள் பலர். உங்களிடம் இரண்டு வேண்டுகோள். மழை இறங்கும் இரவுகளில் ஓடைக்கரையில் கேட்கும் தவளைக் குரல்களைத் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். தேதி, நேரம், இடம் மூன்றையும் குறித்து வையுங்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு சிற்றினங்களைப் பல சமயம் குரல்தான் முதலில் பிரித்துக் காட்டியிருக்கிறது. அடுத்து, உங்கள் ஊர் ஓடையில் தடுப்பணை கட்டும் திட்டம் வந்தால், கிராம சபையில் எழுந்து ஒரு கேள்வி கேளுங்கள்: ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஓடையில் என்ன முட்டையிடுகிறது என்று யாராவது பார்த்தார்களா? கோடையில் வந்து வறண்ட ஓடையைப் பார்த்துவிட்டு எழுதும் அறிக்கையில் பூபதித் தவளை இருக்காது. பாறையைக் கவ்வி வாழும் தலைப்பிரட்டைக்குத் தேங்கிய தண்ணீர் ஆகாது. ஓடும் தண்ணீர் வேண்டும். ஆகவே ஓடையை மழைக்காலத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.