வாயில் தொடங்கி கழுத்து நாடி வரை
(வேலணையில் தீவகத் தொழிலாளர்களோடு நடந்த சந்திப்பில் ஆற்றிய உரை)



நேற்று எங்களை நயினாதீவு அம்மனிடம் கூட்டிப்போனீர்கள், இன்று வேலணையில் சோறு போட்டீர்கள். மலையகத்தில் இருந்து வந்த எல்லார் சார்பிலும் நன்றி. சம்பளத்தைப் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் வாத்தியார். பல்லைப் பற்றிப் பேசப் போகிறேன்.

என் பெரியப்பாவுக்கு நாற்பது வயதிலேயே பல் எல்லாம் ஆடி விழுந்துவிட்டது. பிறகு ஒருநாள் விடியற்காலையில் வாய் கோணி, பேச்சுக் குழறியது. காற்றுப் பட்டது என்று தைலம் தேய்த்தோம். கொழுந்து லொறி வரும்வரை லயத்து வாசலில் காத்திருந்தோம். வைத்தியசாலைக்குப் போய்ச் சேர மத்தியானம். அவருடைய வலது கை அதற்குப் பிறகு எழும்பவே இல்லை.

பாரிசவாதம் எப்படி வருகிறது? மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கழுத்து நாடியின் சுவருக்குள் கொழுப்பு புகுகிறது. அதை அகற்ற வெண்குருதிக் கலங்கள் வருகின்றன. விழுங்கி விழுங்கி, கொழுப்பால் நிறைந்து அங்கேயே சாகின்றன. அந்தக் குவியல்தான் படிவு. மேலும் மேலும் கலங்கள் வந்து சேர, படிவின் மூடி அரித்து வெடிக்கிறது. அங்கே உறையும் இரத்தம் மூளையில் போய் அடைக்கிறது.

முரசில் இரத்தம் கசிந்தால் வாயிலுள்ள பற்றீரியா இரத்தத்தில் கலக்கும். 2005இல் நியூயோர்க்கில் 657 பேரைப் பரிசோதித்தார்கள். முரசு நோய்ப் பற்றீரியா கூடியவர்களுக்குக் கழுத்து நாடிச் சுவரும் தடித்திருந்தது. 2025இல் பின்லாந்து ஆய்வாளர்கள் நாடிப் படிவுகளைச் சோதித்தபோது, பத்தில் நான்கு அளவில் வாய்ப் பற்றீரியாவின் தடயம் இருந்தது. அவை படலம் கட்டி, வெண்கலங்களின் கண்ணில் படாமல் ஒளிந்திருந்தன.

அதற்காகக் குளிசை வாங்கிப் போட வேண்டாம். அமெரிக்காவில் இருதய நோயாளர் 4,000 பேருக்கு மேல் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு ஒரு வருடம் நுண்ணுயிர்கொல்லி கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு குறையவில்லை. முரசு நோய்தான் பாரிசவாதத்துக்குக் காரணம் என்றும் இன்னும் நிறுவப்படவில்லை. பிரஷர், சீனி, புகையிலை இவைதான் பெரிய எதிரிகள். யாழ்ப்பாணப் புகையிலை எங்கள் வெத்திலைப் பைக்குள்ளும் இருக்கிறது, தோழர்களே. அது முரசையும் கெடுக்கும், நாடியையும் கெடுக்கும்.

ஒரு செய்தி கேளுங்கள். உலகத்துப் பல் வைத்திய மாணவர்கள் படிக்கும் முரசு நோய் ஆய்வு ஒன்று எங்கள் தோட்டங்களில் நடந்தது. நோர்வேக்காரரான ஹரல்ட் லோவும் குழுவினரும் 1970இல் தொடங்கி, 480 தேயிலைத் தொழிலாளரின் வாயை 15 வருடம் அளந்தார்கள். அந்த மக்களுக்குப் பல் துலக்கும் பழக்கமும் இல்லை, பல் வைத்தியமும் கிடைக்கவில்லை. நூற்றில் 8 பேருக்கு நோய் வேகமாக முற்றியது, 81 பேருக்கு மிதமாக வளர்ந்தது. 11 பேருக்கு மட்டுமே முரசு அழற்சிக்கு மேல் போகவில்லை. வேகமாக முற்றியவர்கள் 45 வயதில் ஏறக்குறைய எல்லாப் பல்லையும் இழந்தார்கள்.

எங்கள் தாத்தாமாரின் வாயைப் பார்த்து உலகம் பாடம் படித்தது. அந்தப் பாடத்தின் பலன் அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு வரவேண்டாமா?

ஆகவே வீட்டில் செய்ய வேண்டியது: காலையும் இரவும் பல் துலக்குங்கள். துலக்கும்போது முரசில் இரத்தம் வந்தால் பல் வைத்தியரிடம் போங்கள். பிரஷரைப் பாருங்கள். முகம் கோணினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால் தைலம் தேடாதீர்கள், உடனே 1990க்கு அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும்.

சங்கமாகக் கேட்க வேண்டியது: தோட்டத்துக்கும் தீவுக்கும் தவறாமல் வரும் நடமாடும் பல் சிகிச்சை வண்டி. இரவில் தோட்டத்தில் ஒரு வாகனம். நெடுந்தீவில் இருந்து குறிகாட்டுவானுக்கு நோயாளியை எந்நேரமும் ஏற்றிவரும் படகு. எங்களுக்கு மலைப்பாதை, உங்களுக்குக் கடல். இரண்டு இடத்திலும் கடிகாரம் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. கோரிக்கையையும் சேர்ந்தே வைப்போம்.