சாமான் 2,000 ரூபாய், கூரியர் 3,000 ரூபாய்

தேவர்சோலையில இருந்து பேசறேன். தேயிலைத் தோட்டத்து மெஷின்களை ரிப்பேர் பாக்கறது என் வேலை. ஆள் கிடைக்காம சிறு விவசாயிங்க நிறைய பேர் ஜப்பான் மெஷின்லதான் கொழுந்து எடுக்கறாங்க. கார்புரேட்டர் போனா மெஷின் நின்னுடும், கொழுந்து நிக்காதே! முத்திப்போன இலையை ஃபேக்டரியில யாரும் நல்ல விலைக்கு எடுக்கமாட்டாங்க.

ஒரு அண்ணன் கூடலூர், கோயம்புத்தூர் எல்லாம் தேடிட்டு, வெளிநாட்டுக் கடை ஒண்ணை ஃபோன்ல காட்டினார். "2,000தான் தம்பி, போட்டுடு." கீழே பார்த்தா ஷிப்பிங் 3,000! வரி வேற தனி.

சுங்க வரியை சாமான் விலைக்கு மட்டும் போடறதில்ல. விலை, இன்சூரன்ஸ், கொண்டுவர்ற செலவு மூணையும் கூட்டி அதுமேல போடுவாங்க. ஆனா விமானத்துல வந்தா, 2007 மதிப்பீட்டு விதிப்படி, சாமான் விலையில 20% வரைக்கும்தான் கூரியர் செலவைச் சேர்க்கலாம். இது நிறைய பேருக்குத் தெரியாது. அதாவது 3,000 இல்ல, 400தான். இன்சூரன்ஸ் எவ்வளவுன்னு தெரியலைன்னா 1.125%, இங்க 22.50. ஆக வரிக்கான மதிப்பு 2,422.50. வரி எத்தனைங்கறது சாமானோட எச்.எஸ். கோடைப் பொறுத்தது. கணக்குக்கு மொத்தம் 30%னு வச்சுக்கிட்டா, சுமார் 727 ரூபாய். பில் வந்ததும் இந்த மதிப்பைச் சரிபாருங்க. கூடவே கூரியர்காரங்க கையாளும் கட்டணமும் இருக்கும்.

இன்னொண்ணு. சொந்த உபயோகத்துக்கு வாங்கினா ஐ.இ.சி. நம்பர் வேண்டாம்னு சொல்வாங்க. சரிதான், ஆனா வியாபாரம், உற்பத்தி, விவசாயம் மூணுக்கும் அந்தச் சலுகை கிடையாது. விவசாயத்தை ஏன் சேர்த்தாங்களோ! அதனால என் ஒர்க்‌ஷாப் பேர்ல எடுத்துட்டேன். ஆன்லைன்ல 500 ரூபாய், பான் நம்பர்தான் ஐ.இ.சி. நம்பரும். வருஷா வருஷம் ஏப்ரல்ல இருந்து ஜூனுக்குள்ள அப்டேட் பண்ணணும்.

பிறகு ஊர்ல விசாரிச்சா இன்னும் நாலு பேருக்கு அதே சாமான் தேவைப்பட்டுது. அஞ்சையும் ஒரே பெட்டியில கேட்டேன், ஷிப்பிங் 4,200. ஆளுக்கு 840. வரி தலைக்கு அதே 727தான், அதுல மிச்சமில்ல. ஆனா 5,727 ஆக வேண்டியது 3,567 ஆச்சு.

பெட்டி அளவையும் கேட்டு வாங்குங்க. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டர்ல பெருக்கி 5,000ஆல வகுத்து, நிஜ எடையைவிட அது கூடினா அதுக்குத்தான் காசு. 30, 20, 20 பெட்டின்னா 2.4 கிலோ, உள்ள கால் கிலோ சாமான் இருந்தாலும்! சின்னப் பெட்டியில போடச் சொன்னா பல பேர் போடறாங்க.

சில விற்பனையாளர்கள் "கிஃப்ட்னு எழுதட்டுமா?"ன்னு கேப்பாங்க. வேண்டாம்னுடுங்க. தபால்லயோ கூரியர்லயோ பரிசுன்னு வரியில்லாம வர்றதை 2019 டிசம்பர்லயே நிறுத்திட்டாங்க, உயிர் காக்கும் மருந்து, ராக்கின்னு ஒண்ணு ரெண்டுக்குத்தான் விலக்கு. விலையைக் குறைச்சு எழுதறதும் வேண்டாம், பார்சல் தொலைஞ்சா எழுதின விலைக்கு மேல கேக்க முடியாது. சரியான விலையோட ஒரு பில்லை பெட்டிக்கு வெளியிலயே ஒட்டி அனுப்பச் சொல்லுங்க.