இடது சோணையறை ஏன் பெருக்கிறது?



விஞ்ஞானப் பாடத்தில் நாங்கள் வரைந்த நான்கு அறை இதயத்தில் இடது சோணையறையைப் பற்றியே இந்தப் பேச்சு. நுரையீரலிலிருந்து வரும் குருதியைக் கீழறைக்கு அனுப்புவது அதன் வேலை. தடை வந்தால் அமுக்கம் கூடி, சுவர் மெல்ல விரியும். பெண்களில் 3.8 சென்ரிமீற்றருக்குள் நிற்கவேண்டிய விட்டம் 5ஐத் தாண்டியிருப்பதை எக்கோவில் பார்க்கிறோம்.

உயர் குருதியமுக்கம் இன்று முக்கிய காரணம். ஆனால் எங்கள் வயதுப் பெண்களில் இன்னொன்றும் உண்டு: சிறுவயதுத் தொண்டை நோவைத் தொடர்ந்த வாதக்காய்ச்சல். மூட்டுநோ மாறிவிடும், இருகூர் வால்வோ தழும்பேறிச் சுருங்கும். 4 சதுர சென்ரிமீற்றருக்குக் குறையாமல் திறக்கவேண்டியது 1.5 ஆனாலும் சிலர் வேலையைக் குறைத்துச் சமாளிப்பார்கள். கர்ப்பத்தில் குருதி ஏறக்குறைய அரைவாசி கூடும்போதுதான் மூச்சு முட்டும். “பிள்ளைத்தாய்ச்சிக்கு இளைக்கும்தானே” என்பார்கள் வீட்டில். படுக்க முடியாமல் எழுந்திருந்து மூச்சு வாங்குவது அந்த இளைப்பல்ல. விரிந்த அறையில் துடிப்பு ஒழுங்கு தவறி, குருதி உறைந்து, மூளைக்குப் போனால் பாரிசவாதம்.

காய்ச்சல் திரும்பி வந்து வால்வை மேலும் கெடுக்காதிருக்க, 3 அல்லது 4 கிழமைக்கொருமுறை பெனிசிலின் ஊசி, வருடக்கணக்காக. ரியூசன், சோதனை என்று இடையில் நிறுத்திவிடுகிறோம். கலியாணம் பேசும்போது கிளினிக் கொப்பியையும் ஒளித்துவைக்கிறோம். மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டுவது உங்கள் விருப்பம். முதல் கர்ப்பக் கிளினிக்குக்கு, முடிந்தால் அதற்கும் முன்பே, அதை எங்களிடம் கொண்டுவாருங்கள்.